கடைசிக் கையெழுத்தின் விலை

14 மே 2022

டீசலுக்கு நேற்றுக் காலை வரிசையில் விட்ட லொறி இன்று மத்தியானம்தான் சந்தைக்கு வந்து சேர்ந்தது. வெங்காயம் மூட்டைக்குள் வேர்த்துப்போய்க் கிடக்கிறது. கொழும்புக்கு அனுப்புவதா, இங்கேயே நட்டத்துக்குத் தள்ளுவதா என்று நாளைக்குப் பார்ப்போம்.

பின்னேரம் சங்கக் கூட்டம். சுன்னாகம் சந்தையில் மொத்தமாக வெங்காயம் பிடிக்கிற எங்களோடு ஜெயசுதனும் சேர நிற்கிறான். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் சங்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் இல்லைதான். பிழையான விதி இல்லை அது. எங்களில் ஒருவனுடைய லொறி பிரண்டால், எரிந்தால், வழியில் மறிபட்டால், நட்டத்தை எல்லோரும் பங்கு போட்டுத் தாங்குகிறோம். அவனுக்கு விழுகிற அடி எனக்கும் விழும் என்றால், அவன் எப்படிப்பட்டவன் என்று பாராமல் விடலாமா?

மற்ற எல்லோரும் போட்டாயிற்று. நான் மட்டும் "யோசிக்கவேணும்" என்றேன்.

தலைவர் குகதாசன் சிரித்தார். "தியாகு யோசிக்கிறான் எண்டால் என்னவோ கேக்கப்போறான். ஜெயசுதன், பிடிச்சுக்கொள்."

கேட்டேன். தம்பிஐயாவை வேலையால் நிற்பாட்ட வேண்டும். தம்பிஐயா முந்தி என்னிடம் மூட்டை தூக்கிய நாட்டாமை. கோபித்துக்கொண்டு போய் ஜெயசுதனிடம் நின்றவன், நான் தம்புள்ளைக்காரருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறேன் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தான். அதை மறக்கிற ஆள் நானில்லை.

"அண்ணை, அவருக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்" என்றான் ஜெயசுதன்.

"எனக்கும் தெரியும். உனக்குச் சேர விருப்பமோ இல்லையோ, அதைச் சொல்லு."

ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓமென்றான். போட்டேன்.

கடைசியாகப் போடுகிறவன்தான் விலை சொல்லலாம். சைக்கிள் கரியரில் இரண்டு மூட்டை கட்டித் தொடங்கிய எனக்கு இதை ஒருவரும் படிப்பித்துத் தரவில்லை.

18 மே 2022

கடைசிச் சண்டையில் செத்த சனத்தை நினைத்துச் சந்தியில் கஞ்சி கொடுத்தார்கள். சிரட்டையில் வாங்கிக் குடித்தேன். உப்பில்லை. அது அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஆரபி சுவீடனிலிருந்து போன் எடுத்தாள். எங்கள் ஒரே பிள்ளை. தாதிக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலை செய்கிறாள். சுவீடன் நேட்டோவில் சேரவென்று இன்றைக்குத்தான் விண்ணப்பம் கொடுத்ததாம்.

"ரஷ்யா உக்ரேனுக்குள்ளை பூந்த பிறகு இஞ்சை எல்லாருக்கும் பயம் அப்பா. இருநூறு வருசமா ஒருத்தரோடையும் கூட்டுச் சேராமல் இருந்த நாடு."

"சேர்ந்தால் என்ன?"

"ஒரு நாட்டை அடிச்சால் எல்லாரையும் அடிச்ச மாதிரி. எல்லாரும் வருவினம்."

"எங்கடை லொறிக் கணக்கு."

சிரித்தாள். "ஓம், லொறிக் கணக்குத்தான்."

"அப்ப சேர்க்கிறதுக்கு எல்லாரும் கையெழுத்துப் போடவேணுமே?"

"முப்பது நாடும்."

"ஒருத்தன் போடமாட்டான் பார்" என்றேன். "போடாமல் நிண்டு கேப்பான்." நான் பகிடியாகத்தான் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "கேக்கத் தொடங்கியாச்சு அப்பா. துருக்கி."

பின்னால் பாரான் நின்றிருக்கிறான். அவனுடைய இருமல் கேட்டது.

பாரான் என் மருமகன். துருக்கியிலிருந்து ஓடிவந்த குர்து இனத்துப் பெடியன். சுவீடனில் ஒரு வெதுப்பகத்தில் மாக் குழைத்துப் பாண் போடுகிறான். 2019 மார்கழியில் இங்கே கூட்டிவந்து கலியாண எழுத்து முடித்தாள். பெயருக்கு அவன் பாஷையில் மழை என்று அர்த்தமாம். "வெங்காயக்காரன் வீட்டுக்கு மழையையோ மருமேனாக் கொண்டு வந்தனி?" என்று அன்றைக்குக் கேட்டேன். அவள் அதைச் சொல்லிக் கொடுக்க, விழுந்து விழுந்து சிரித்தான். சொந்தக்காரர் "துருக்கி மாப்பிளை, துருக்கி மாப்பிளை" என்று கதைத்தார்கள். எனக்கு விசர் வந்துவிட்டது. "ஆரும் உங்களைச் சிங்களவர் எண்டு சொன்னால் சும்மா இருப்பியளோ?" என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நின்ற மூன்று கிழமையும் விடிய எழும்பி என்னோடு சந்தைக்கு வந்து மூட்டை ஏற்றினான். தமிழில் "மாமா", "மாமி", "போதும்" மூன்று சொல்லும் தெரியும். என் மனுசி பத்மா சோறு போடும்போது மூன்றாவது சொல் செல்லாது.

29 யூன் 2022

பெற்றோல் அடியோடு இல்லை. உரும்பிராயிலிருந்து சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போய் வந்தேன். இந்த வயதில் திரும்பவும் சைக்கிள்.

துருக்கி முதல் படிக்கு ஓமென்றுவிட்டது. துருக்கி, சுவீடன், கூடச் சேர நிற்கிற பின்லாந்து, மூன்று நாட்டுக்காரரும் இருந்து ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

பத்மா கேட்டாள், "சும்மாவோ விட்டவன்?"

"ஆக்களைக் கேட்டிருக்கிறான்."

"என்ன ஆக்களை?"

"தன்ரை நாட்டாலை அங்கை ஓடிப்போன ஆக்களை. கெதியாப் பார்த்துத் திருப்பி அனுப்பவேணுமாம்."

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சேர்க்கிறதுக்கு ஆளையோ கேக்கிறது? இதென்ன நாட்டுப் பழக்கம்?"

நான் கைகழுவ எழும்பிப் போய்விட்டேன்.

21 ஓகஸ்ட் 2022

ஆரபிக்கு மூன்றாம் மாதம்! பத்மா காலையிலிருந்து நிலத்தில் நிற்கவில்லை. பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள். மாவுக்கு அலைந்தது வேறு கதை.

பாரானுடைய விசா மாசியில் முடிகிறது. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். முந்தி இரண்டு முறையும் பேச்சில்லாமல் வந்தது.

9 ஒக்ரோபர் 2022

பாரானை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முந்தி இப்படிக் கூப்பிட்டதில்லை.

அவனுக்கு ஒரு இயக்கமும் இல்லை. ஆயுதம் தொட்டவனும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஊரில், பதின்மூன்று வயதில், மலையில் நின்று சண்டை பிடிக்கிற பெடியளுக்குத் தாய் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். விடியப்புறத்தில், ஆற்றங்கரைக்கு. அங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

"வக்கீல் அந்தக் கதையை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுறார் அப்பா. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லட்டாம். இவருக்கு யோசனையா இருக்கு. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

என்னைக் கேட்டான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அந்த நாளில் சோற்றுப் பார்சல் கொடுக்காத வீடு இருந்தால் காட்டட்டும். இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்து வீடுவீடாகச் சேர்த்துக்கொண்டு போவார்கள். பத்மா வாழையிலையை வாட்டி, குத்தரிசிச் சோறும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு மோர்மிளகாயும் வைத்துக் கட்டுவாள். எங்களுக்கு இல்லாத நாளிலும் பார்சல் போகும். யார் தின்றார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "ஆரோ பெத்த பிள்ளை" என்பாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறில், தென்மராட்சிக்கு ஓடிப்போன சனம் திரும்பி வந்தபோது, ஆமி எங்களை இருத்தி விசாரித்தது. எனக்கு முன்னால் நின்றவரிடம் சாப்பாடு கொடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை, ஒருநாளும் இல்லை என்றார். உள்ளே கொண்டுபோனார்கள். என் முறை வந்தது. கொடுத்தேன் ஐயா, எல்லோரும் கொடுத்தவை, பசி என்று வந்தால் இல்லையென்று சொல்ல ஏலுமா என்றேன். அந்த அதிகாரி சிரித்தான். போ என்று கையைக் காட்டினான். அன்றைக்குப் படித்த பாடம் இது: தெரிந்துகொண்டு கேட்கிறவனிடம் ஒளிக்காதே. சின்னதை நீயாகவே சொல்லிவிட்டால் பெரியதைத் தேடமாட்டான்.

"வக்கீலுக்கு என்ன தெரியும்?" என்றேன். "அவன் ஒருநாள் ஆமிச் சென்றியிலை மறிபட்டு நிண்டவனோ? ரொட்டி குடுத்ததை அவனாவே சொல்லட்டும். ஊரெல்லாம் குடுத்தது எண்டும் சொல்லட்டும். நாங்களும் குடுத்தனாங்கள் எண்டு அவனுக்குச் சொல்லு. உண்மையைச் சொன்னவனை ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம்."

ஆரபி அதை அவனுடைய பாஷையில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "மாமா" என்று ஒரு சொல் சொன்னான். நன்றி என்ற மாதிரி.

3 நவம்பர் 2022

விசாரணை முடிந்தது. சொன்னானாம். மரியாதையாகக் கேட்டார்களாம், கோப்பியும் கொடுத்தார்களாம். நான் சொல்லவில்லையா?

23 ஜனவரி 2023

அங்கே யாரோ ஒரு விசரன் குர்ஆனை எரித்து, துருக்கி கோபித்துக்கொண்டு நிற்கிறது. கையெழுத்துக் கிட்டடியில் கிடையாதாம். ஆரபி சொல்கிறாள், பேச்சு முறிந்தால் இவர்களையும் மறந்து விடுவார்கள் என்று ஊர்க்காரர் நினைக்கிறார்களாம். குர்துக்காரரைத்தான் ஊர்க்காரர் என்கிறாள்.

எனக்கென்றால் நம்பிக்கை இல்லை. பேரம் இழுபட இழுபட விலை ஏறுமேயொழிய இறங்காது. இன்றைக்கு நின்று கோபிக்கிறவன் நாளைக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கேட்பான்.

என்றாலும் கோயிலில் நின்று என்ன கேட்டேன் தெரியுமா? பிள்ளையாரே, சுவீடனை நேட்டோவில் சேர்க்காதே. பக்கத்தில் நின்ற மனுசி மகளுக்குக் கலியாணம் கேட்டிருப்பாள். பிள்ளையாருக்கே விளங்கியிருக்காது.

17 பெப்ரவரி 2023

பேத்தி பிறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம். பாரான் வீடியோவில் பிள்ளையைத் தூக்கிக் காட்டினான். கையில் மா ஒட்டியிருந்தது. வேலையால் ஓடி வந்திருக்கிறான். "மாமா! மாமி!" அதற்கு மேல் தமிழ் இல்லை. அழுதான். நாங்களும்.

5 ஏப்ரல் 2023

பின்லாந்து தனியாகச் சேர்ந்துவிட்டது. இரண்டு பேரும் கைகோர்த்துக்கொண்டு போகிறோம் என்றார்கள். ஒருவனுக்குக் கதவு திறந்ததும் மற்றவனை வாசலில் விட்டுவிட்டான். குகதாசன் தேத்தண்ணிக் கடையில் சொன்னார்: "பிழை சொல்லாதை தியாகு. நீ எண்டாலும் உள்ளுக்குத்தான் போயிருப்பாய்." ஓம். போயிருப்பேன்.

இனிச் சுவீடன் தனியாக நிற்கிறது. தனியாக நிற்கிறவன் என்ன கேட்டாலும் கொடுப்பான்.

14 யூன் 2023

வந்துவிட்டது. விசா இல்லை. நாட்டை விட்டுப் போகவேண்டும்.

காரணம் எழுதியிருக்கிறார்கள். ஆரபி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஆயுதக் குழு ஒன்றுக்கு உணவு கொண்டுசென்றதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்.

அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வேறு ஒன்றும் இல்லையாம். கடதாசி முழுக்கத் தேடிப் பார்த்தாளாம், ரொட்டியைத் தவிர ஒரு குற்றமும் இல்லை. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு அது தெரியவே தெரியாதாம். இவன் சொல்லித்தான் தெரியுமாம்!

என்ன செய்தனான் நான்? சுன்னாகத்திலை குந்தியிருந்துகொண்டு சுவீடனுக்கு வழி சொன்னனான். தெரிஞ்சுகொண்டு கேக்கிறவனும் தெரியாமல் கேக்கிறவனும் ஒண்டோ? ஆமிக்காரனுக்கு அண்டைக்கு ஊரிலை சனம் வேணும், கடை திறக்கவேணும், அதுதான் என்னை விட்டவன். எனக்கு அது இருபத்தேழு வருசமா விளங்கேல்லை. நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். இவைக்கு இப்ப என்ன வேணும்? துருக்கிக்குக் காட்ட ஆள் வேணும். ஆளில்லாமல் தேடிக்கொண்டிருந்த இடத்திலை நான் ஆளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறன்.

"பிள்ளை, என்னாலைதானே" என்றேன்.

பேத்தி சிணுங்க, ஆரபி அவளைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்கள் தமிழிலைதானே அப்பா சொன்னியள். அவருக்கு விளங்கிறமாதிரிச் சொன்னது நான்."

15 யூன் 2023

சந்தைக்குப் போகவில்லை.

12 யூலை 2023

துருக்கி சம்மதித்துவிட்டதாம். எல்லோரும் கைகொடுத்துச் சிரிக்கிற படம் பேப்பரில். அமெரிக்கன் விமானம் விற்பான் என்று ஒரு கதை, ஐரோப்பா கதவு திறக்கும் என்று ஒரு கதை. இவ்வளவு பெரிய சாமான்கள் தராசில் இருக்கும்போது, பாண் போடுகிற ஒரு பெடியனை ஏனப்பா அதோடு சேர்த்து வைக்கிறீர்கள்? நிறுவையில் அவனுக்கு என்ன பாரம் இருக்கு?

தெரியும். நிறை போதாது என்பதற்காக ஒருவரும் வைக்கிறதில்லை. கேட்டவனுக்கு, நான் கேட்டேன், அவன் தந்தான் என்று இருக்கவேண்டும். எனக்குத் தம்பிஐயாவை நிற்பாட்டி என்ன இலாபம் வந்தது? அன்றைக்கும் அதேவிலைதான் வெங்காயம்.

எழுதிவிட்டேன். ஒரு வருசமாக இதை எழுதக்கூடாது என்று இருந்தேன்.

10 செப்ரெம்பர் 2023

தம்பிஐயா வீட்டுக்குப் போனேன். மனுசி இரத்தினம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"அவர் இல்லை முதலாளி. கிளிநொச்சியிலை அரிசி ஆலையிலை நிக்கிறார். கிழமைக்கு ஒருக்கா வருவார்."

"சந்தைக்குத் திரும்பி வரச்சொல்லு. என்னட்டை எண்டாலும் சரி, ஜெயசுதனிட்டை எண்டாலும் சரி. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

கீரையை உதறினாள். "அவர் வரமாட்டார்."

"ஏன், கோவமோ?"

"கோவமில்லை. ஜெயசுதன் தம்பி நிப்பாட்டேக்கை அழுதவராம். அழுதுகொண்டு நிப்பாட்டினவராம். அதைத்தான் இவர் இப்பவும் சொல்லிக்கொண்டு திரியிறார். ஏசி அனுப்பியிருந்தால் மறந்திருப்பன் எண்டு."

தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று வந்துவிட்டேன். வழியில்தான் யோசித்தேன், குடித்திருக்கலாம்.

31 ஒக்ரோபர் 2023

மேன்முறையீடும் சரிவரவில்லை.

வேறு நாட்டுக்குப் பாயச் சொல்லி நான் சொல்லவில்லை. இனி நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பத்மாதான் போனைப் பறித்து, "தம்பி, எங்கையாவது ஓடு ராசா" என்றாள். அவனுக்கு அந்தத் தமிழ் தெரியாது. ஆரபி சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சொல்லும் பாஷை மாற்றிச் சொல்லமாட்டாளாம் இனி. பிறகு அவளே சொன்னாள்: பிள்ளையை விட்டுவிட்டு ஓடமாட்டாராம்.

22 நவம்பர் 2023

வெதுப்பகத்துக்கே வந்து பாரானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போறணைச் சூட்டில் பாண் வெந்துகொண்டிருந்ததாம். அதை எடுத்துவிட்டு வாறேன் என்று கேட்டிருக்கிறான். விட்டார்களாம். எடுத்து அடுக்கிவிட்டுக் கைகழுவி, கூடப் போனானாம்.

நல்ல மனுசர்தான். அழுதுகொண்டு நிற்பாட்டுகிற மனுசர்.

8 டிசம்பர் 2023

துருக்கியில் விமானத்தால் இறங்கிய இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். இப்போது மறியலில், கம்பிக்குள். தாய்க்குக்கூட இன்னும் காட்டவில்லை.

பத்மா சோறு தின்னவில்லை. நான் தின்றேன். தின்றேன் என்று எழுதத்தான் வேண்டும்.

24 ஜனவரி 2024

துருக்கிப் பாராளுமன்றம் வாக்குப்போட்டு விட்டது. இனி ஹங்கேரி ஒன்றுதான் மிச்சம்.

குகதாசன் ஆறுதலுக்குச் சொன்னார்: "ஹங்கேரிக்காரன் மறிப்பான் தியாகு. கடைசி ஆள் அவன்தானே இப்ப." மறித்தால் என்ன, மறியாவிட்டால் என்ன? விற்ற மூட்டை திரும்பி வராது.

27 பெப்ரவரி 2024

அவனும் போட்டுவிட்டான்.

12 மார்ச் 2024

சிவராத்திரி விரதம் முடித்துப் பத்மா இன்னும் சோர்ந்துதான் கிடக்கிறாள். நேற்றுச் சுவீடன் கொடியை நேட்டோ வாசலில் ஏற்றினார்கள். மழைக்குள் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வடிவான கொடிதான்.

ஆரபி எடுத்தாள். அவள் வேலை செய்கிற இடத்தில் கேக் வெட்டினார்களாம். அவளுக்கும் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார்களாம்.

"என்ன செய்தனி?"

"திண்டனான் அப்பா. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிண்டவை. அவையளிலை பிழையில்லை, அவைக்கு உண்மையாவே பயம். ரஷ்யா பக்கத்திலை. இண்டைக்குத்தான் நித்திரை வரும் எண்டு ஒரு அன்ரி சொன்னவ."

பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். போனில் தகப்பனுடைய படத்தைக் காட்டினால் "மாமா" என்கிறாளாம். எங்களோடு கதைக்கும்போது அவன் அப்படிச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். அதுதான் தகப்பன் பெயர் என்று நினைத்துவிட்டாள்.

ஆரபி திருத்தவில்லையாம்.

2 மே 2024

பாரானுக்கு ஆறு வருசம் போட்டிருக்கிறார்கள். வழக்கில் வைத்த குற்றம் சுவீடனில் சொன்ன அதே ரொட்டியா என்று கேட்டேன். "தெரியாது அப்பா. கேக்காதையுங்கோ" என்றாள்.

6 யூன் 2024

நல்ல விளைச்சல். லொறி நேரத்துக்குப் போனது. சங்கத்தில் புதிதாக ஒரு பெடியன் சேர வந்தான். முதல் ஆளாக நான் போட்டேன். குகதாசன் பேனையை வாங்கிக்கொண்டு, "உடம்புக்கு வருத்தம் கிருத்தமோ?" என்றார்.

வீட்டுக்கு வந்து காலும் கழுவவில்லை, ஆரபி எடுத்தாள். அவள் அந்த நாட்டுப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். அது கிடைத்தால்தான் பிள்ளையோடு அங்கே நிலையாக இருக்கலாம், பாரானுக்கு அங்கிருந்து ஏதாவது செய்து பார்க்கலாம். புருசனுடைய விசயத்தால் இப்போது அவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை.

"உங்களைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் கேப்பினமாம். சண்டைக் காலத்திலை என்ன செய்தவை எண்டு. ஆருக்கும் உதவி செய்தவையோ எண்டு. நான் என்ன சொல்ல அப்பா?"

என்னைத்தான் கேட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் என்னைக் கேட்டாள்.

பத்மா குசினி வாசலில் கையில் அகப்பையோடு நின்றாள்.

"இல்லை எண்டு சொல்லு" என்றேன். "எங்கடை வீட்டாலை ஆருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. ஒருத்தரும் வந்து கேக்கவும் இல்லை. கொம்மாவுக்கு ஒண்டும் தெரியாது."

"சரி அப்பா."

"திருப்பிச் சொல்லு பாப்பம்."

திருப்பிச் சொன்னாள். ஒரு சொல்லும் தடக்கவில்லை.

போனை வைத்த பிறகு பத்மா கேட்டாள்: "அப்ப நான் ஆருக்கப்பா சமைச்சனான்?"

அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கொப்பியிலும் அப்படியே எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் ஒரு பிடி சோறு போகவில்லை.